புற்றுநோய் அறுதியிடலை எதிர்கொள்ளல்

புற்றுநோய் அறுதியிடலை எதிர்கொள்ளல் என்பது, தமக்குப் புற்றுநோய் உள்ளது என்று முதன்முறையாக அறியும் ஒருவரும் அவருடைய குடும்பத்தினரும் அச்செய்தியை உள்வாங்கி, சிகிச்சை குறித்த முடிவுகளை எடுத்து, அன்றாட வாழ்வை அதற்கேற்ப மாற்றியமைத்துக் கொள்வதைக் குறிக்கும். நோய் உறுதியாகும் நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்கள் இதில் மிகக் கடினமான காலமாக அமைவதுண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்கும், இந்தியாவில் ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்கும் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது.

இது தொடர்பாக மக்களிடையே இரண்டு நம்பிக்கைகள் பரவலாக உள்ளன. செய்தியை மறைத்தால் நோயாளி நலமாக இருப்பார் என்பது ஒன்று. மனவுறுதி இருந்தால் நோயை வென்றுவிடலாம் என்பது மற்றொன்று. கடந்த அரை நூற்றாண்டில் நடைபெற்ற ஆய்வுகள் இவ்விரண்டையும் ஆதரிக்கவில்லை. நோயாளி விரும்பும் அளவில், விரும்பும் வேகத்தில் உண்மையை அறிந்துகொள்வதும், உரிய சிகிச்சையை உரிய காலத்தில் பெறுவதும், அச்சத்தையும் துயரத்தையும் வெளிப்படுத்த இடம் கிடைப்பதுமே பயன் தருவனவாக அறியப்பட்டுள்ளன.

அறுதியிடல் நடைபெறும் முறை

புற்றுநோய் பெரும்பாலும் ஒரே நாளில் அறுதியிடப்படுவதில்லை. கட்டி, இரத்தக் கசிவு, ஆறாத புண், காரணமற்ற எடைக்குறைவு போன்ற அறிகுறிகளுக்காக மருத்துவரை அணுகும் ஒருவருக்கு முதலில் ஊடுகதிர் படம், மீயொலிச் சோதனை, சி. டி. ஸ்கேன் முதலியன எடுக்கப்படுகின்றன. ஐயம் வலுத்தால் கட்டியிலிருந்து சிறு பகுதி எடுக்கப்பட்டு நுண்ணோக்கியில் ஆராயப்படுகிறது. 'பயாப்சி' எனப்படும் இத்திசுப் பரிசோதனையே பெரும்பாலான புற்றுநோய்களை உறுதிசெய்கிறது. இரத்தப் புற்றுநோய்களில் இரத்தமும் எலும்பு மச்சையும் ஆராயப்படுகின்றன.

நோய் உறுதியான பின்னரும் மூன்று வினாக்கள் எஞ்சுகின்றன. அது எவ்வகைப் புற்றுநோய், எந்நிலையில் உள்ளது, எச்சிகிச்சைக்கு இணங்கும் என்பனவே அவை. எடுத்துக்காட்டாக, மார்பகப் புற்றுநோயில் இயக்குநீர் ஏற்பிகள் உள்ளனவா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறுபடுகிறது. கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்களில் பரவல், தொலை உறுப்புகளில் பரவல் ஆகிய மூன்றையும் கொண்டு நோயின் நிலை பொதுவாக 1 முதல் 4 வரை வகுக்கப்படுகிறது. இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும் முன்னர், "குணமாகுமா?" என்ற கேள்விக்கு மருத்துவரால் பொறுப்பான விடை கூற இயலாது. எனவே "எல்லா முடிவுகளும் வரட்டும்" என்று மருத்துவர் கூறுவதை, அவர் எதையோ மறைக்கிறார் என்பதற்கான அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை.

முதல் நாட்களின் மனநிலை

செய்தியைக் கேட்டவுடன் ஏற்படும் முதல் விளைவு பலருக்கு அழுகையன்று; உணர்வற்ற நிலையாகும். "புற்றுநோய்" என்ற சொல்லுக்குப் பின்னர் மருத்துவர் கூறியவற்றில் பெரும்பகுதி மனத்தில் பதிவதில்லை. உறக்கமின்மை, பசியின்மை, கவனச் சிதறல், எரிச்சல், குற்றவுணர்வு ஆகியவை தொடர்ந்து தோன்றலாம். தமது பழக்கமோ, தாம் செய்த பாவமோதான் நோய்க்குக் காரணம் என்று எண்ணி வருந்துவோர் உண்டு. புகையிலை போன்ற சில காரணங்கள் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டவை எனினும், தனியொருவருக்கு ஏன் நோய் வந்தது என்பதைப் பல நேரங்களில் உறுதியாகக் கூற முடியாது.

மறுப்பு, சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து கட்டங்கள் இத்தொடர்பில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. இவற்றை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற உளநோய் மருத்துவர் 1969 இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். அந்நூல் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளுடன் நிகழ்த்திய உரையாடல்களை அடிப்படையாகக் கொண்டது. புதிதாக நோய் அறுதியிடப்பட்டவர்களைப் பற்றியதன்று. எல்லோரும் இக்கட்டங்களை வரிசையாகக் கடப்பதாகப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. ஒரே நாளில் நம்பிக்கையும் அச்சமும் மாறிமாறி வருவது இயல்பே. ஆகவே "நான் இன்னும் ஏற்கும் கட்டத்திற்கு வரவில்லை" என்று ஒருவர் கவலைப்படத் தேவையில்லை.

முதல் வாரங்களின் சுமை வெறும் உணர்ச்சி சார்ந்ததன்று. சுவீடன் நாட்டில் 60 இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளைக் கொண்டு 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், அறுதியிடலுக்குப் பிந்தைய முதல் வாரத்தில் தற்கொலை இடர், புற்றுநோய் இல்லாதவர்களை ஒப்பிட 12 மடங்குக்கும் மேலாகவும், இதயக் குருதிக்குழாய் நோய்களால் இறக்கும் இடர் 5 மடங்குக்கும் மேலாகவும் இருந்தது. இவ்வாறு இறந்தவர்களின் எண்ணிக்கை மொத்த நோயாளிகளில் மிகச் சிறியது. நாட்கள் செல்லச் செல்ல இவ்விடர் விரைவாகக் குறைந்ததும் குறிப்பிடத்தக்கது. முதல் நாட்களில் நோயாளியைத் தனியே விடாமலிருப்பதும், வாழ விருப்பமில்லை என்று அவர் கூறினால் அதனைப் பொருட்படுத்தி உடனே மருத்துவ உதவி நாடுவதும் ஏன் இன்றியமையாதவை என்பதை இத்தரவுகள் உணர்த்துகின்றன. இந்தியாவில் 14416 என்ற எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் அரசின் மனநல உதவியைத் தொலைபேசி வழியாகப் பெறலாம்.

செய்தியைத் தெரிவிக்கும் முறையின் வரலாறு

நோயாளியிடம் உண்மையைக் கூறுவது மருத்துவத்தில் அண்மைக்கால வழக்கமே. 1961 இல் சிக்காகோ மருத்துவமனையொன்றின் மருத்துவர்களிடம் நடத்தப்பட்ட கருத்தாய்வில், ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோய் இருப்பதை நோயாளியிடம் கூறாமலிருப்பதையே விரும்பினர். அதே கேள்விகள் 1979 இல் வேறொரு மருத்துவமனையில் கேட்கப்பட்டபோது, 97 விழுக்காட்டினர் கூறுவதையே விரும்பினர். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் சிகிச்சைகள் மேம்பட்டதும், நோயாளியின் ஒப்புதல் சட்டத் தேவையானதும், சமூக மனப்பாங்கு மாறியதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

சப்பானில் மறைக்கும் வழக்கம் மேலும் நீண்ட காலம் நிலைத்திருந்தது. 1952 இல் வெளிவந்த அகிரா குரோசாவாவின் 'இகிரு' திரைப்படத்தில், இரைப்பைப் புற்றுநோயுள்ள முதியவரிடம் மருத்துவர் அது வெறும் புண் என்றே கூறுகிறார். ஆனால் நோயாளிக்கு உண்மை முன்பே புரிந்துவிடுகிறது. 1989 சனவரியில் பேரரசர் இறோகித்தோ முன்சிறுகுடல் புற்றுநோயால் மறைந்தபோது, அந்நோயின் பெயர் அவர் இறந்த பின்னரே பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அந்நாட்டிலும் உண்மையைக் கூறுவது வழக்கமாயிற்று.

"கூறலாமா?" என்ற கேள்வி முடிவுக்கு வந்ததும் "எவ்வாறு கூறுவது?" என்ற கேள்வி எழுந்தது. 2000 ஆம் ஆண்டில் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலியோர் 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படிநிலைகளைக் கொண்ட நெறிமுறையை வெளியிட்டனர். அப்படிநிலைகளாவன:

1. தனிமையும் அமைதியும் உள்ள இடத்தில் உட்கார்ந்து பேசுதல். நோயாளி விரும்பும் உறவினர் உடனிருத்தல்.
2. நோயாளி ஏற்கனவே என்ன அறிந்திருக்கிறார் என்று கேட்டல்.
3. எந்த அளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டல்.
4. எளிய சொற்களில், சிறு சிறு பகுதிகளாகச் செய்தியைக் கூறுதல்.
5. நோயாளியின் உணர்ச்சிகளுக்கு இடங்கொடுத்து, அவற்றைப் புரிந்துகொண்டதாகக் காட்டுதல்.
6. அடுத்துச் செய்ய வேண்டியதைத் திட்டமிட்டு, பேசியவற்றைச் சுருக்கமாகத் திரும்பக் கூறுதல்.

இவற்றுள் மூன்றாவது படிநிலை முக்கியமானது. முழு விவரத்தையும் அறிய விரும்பாமலிருப்பதும் நோயாளியின் உரிமையே. ஆனால் அதனை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியேயன்றி அவருடைய உறவினர் அல்லர்.

குடும்பத்தினர் மறைத்தல்

இந்தியாவிலும் இலங்கையிலும் மருத்துவ அறிக்கை நோயாளியின் கைக்குச் செல்லுமுன் மகன், மகள் அல்லது வாழ்க்கைத் துணையின் கைக்குச் செல்வதுண்டு. "அம்மாவிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார்" என்று உறவினர் மருத்துவரைத் தனியே சந்தித்துக் கேட்டுக்கொள்கின்றனர். நோயாளியிடம் "கட்டி", "புண்", "சிறிய அறுவை" என்ற சொற்களே பயன்படுத்தப்படுகின்றன. இக்கோரிக்கை பெரும்பாலும் அன்பினால் எழுவதே.

எனினும் இம்மறைப்பு நீடிப்பது கடினம். மருத்துவமனையின் பெயர்ப்பலகை, காத்திருக்கும் பிற நோயாளிகளின் பேச்சு, வேதிச்சிகிச்சையால் முடி உதிர்தல், வீட்டுக்கு வரும் உறவினர்களின் முகம் ஆகிய ஒவ்வொன்றும் உண்மையை உணர்த்திவிடும். அதன்பின் நோயாளி குடும்பத்தினர் வருந்தக்கூடாது என்றும், குடும்பத்தினர் நோயாளி வருந்தக்கூடாது என்றும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டே வாழ நேர்கிறது. நோயாளி தம் அச்சத்தை யாரிடமும் கூற முடியாமல் தனித்துப் போகிறார். சிகிச்சையின் பக்க விளைவுகள் கடுமையானவை என்பதால், எதற்காக அவற்றைத் தாங்குகிறோம் என்று அறியாதவர் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடும் வாய்ப்பும் உள்ளது. சொத்து, கடன், பிள்ளைகளின் எதிர்காலம் பற்றித் தாமே முடிவெடுக்கும் வாய்ப்பையும் அவர் இழக்கக்கூடும்.

இதற்குச் சட்டக் கோணமும் உண்டு. 2008 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பின்படி, தாமே முடிவெடுக்கக்கூடிய நிலையிலுள்ள வயதுவந்த நோயாளிக்குச் செய்யும் சிகிச்சைக்கு அவருடைய ஒப்புதலே செல்லும். உயிரைக் காக்க உடனடியாகச் செய்ய வேண்டியவை தவிர, பிறவற்றுக்கு உறவினரின் ஒப்புதல் அதற்கு ஈடாகாது. நோயின் தன்மையை அறியாதவர் அளிக்கும் ஒப்புதல் முழுமையான ஒப்புதல் ஆகாது என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

சிறுவர்களைப் பொறுத்தவரையிலும் முழு மறைப்பு பயன் தருவதில்லை. வீட்டில் ஏதோ நிகழ்கிறது என்பதைச் சிறுவர் உணர்ந்துகொள்கின்றனர்; விளக்கம் கிடைக்காதபோது, தாம் செய்த குறும்பே காரணம் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். நோயின் பெயர், அது தொட்டால் ஒட்டாது என்பது, அவர்கள் செய்த எதனாலும் அது வரவில்லை என்பது, அவர்களை இனி யார் பள்ளிக்கு அழைத்துச் செல்வார் என்பது ஆகியவற்றை வயதுக்கேற்ற சொற்களில் கூறுவது பரிந்துரைக்கப்படுகிறது.

புள்ளிவிவரங்களைப் புரிந்துகொள்ளல்

அறுதியிடலுக்குப் பின்னர் பலர் முதலில் தேடுவது எத்தனை காலம் வாழலாம் என்ற எண்ணையே. இவ்வெண்ணைத் தவறாகப் படிப்பது தேவையற்ற துயரத்தைத் தரும். இதற்கு அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்டின் பட்டறிவு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

1982 சூலையில், தமது 40 ஆம் அகவையில், கூல்டுக்கு வயிற்று உட்சவ்வில் தோன்றும் இடைத்தோலியப் புற்றுநோய் என்ற அரிய நோய் அறுதியிடப்பட்டது. மருத்துவ நூலகத்தில் தேடிய அவர், இந்நோய்க்கு மருந்தில்லை என்றும், நோயாளிகள் வாழும் காலத்தின் இடைநிலையளவு 8 மாதங்கள் என்றும் படித்தார். இதனை "8 மாதங்களில் இறந்துவிடுவேன்" என்று பலரும் பொருள்கொள்வர். ஆனால் இடைநிலையளவு 8 மாதங்கள் என்பதன் பொருள், பாதிப் பேர் அதற்குள் இறந்தனர், மீதிப் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதே.

மேலும் இத்தகைய பரவல் சமச்சீரானதன்று. இடப்பக்கம் சுழியத்திற்குக் கீழே செல்ல முடியாது. வலப்பக்கமோ பல ஆண்டுகளுக்கு நீண்ட வால்போல் செல்லலாம். கூல்ட் இளையவராக இருந்தார். நோய் ஒப்பீட்டளவில் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டது. நல்ல மருத்துவ வசதியும் சோதனை நிலையிலிருந்த புதிய சிகிச்சையும் அவருக்குக் கிடைத்தன. எனவே தாம் அவ்வாலில் இருக்க வாய்ப்பு மிகுதி என்று அவர் முடிவு செய்தார். இதனை 1985 இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். நோய் கண்டறியப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்த அவர், 2002 மே மாதத்தில் வேறொரு புற்றுநோயால் மறைந்தார்.

கூல்டின் வரலாறு எல்லோரும் நீண்டகாலம் வாழ்வர் என்பதற்குச் சான்றன்று. ஒரு குழுவைப் பற்றிய எண் தனியொருவரின் நாளைக் குறித்துத் தருவதில்லை என்பதே அதன் பாடமாகும். ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதங்கள் பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களின் தரவுகளிலிருந்து கணக்கிடப்படுவதால், புதிய சிகிச்சைகளின் பயனை அவை முழுமையாகக் காட்டுவதில்லை என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

மனவுறுதி பற்றிய ஆய்வுகள்

"தைரியமாக இருந்தால் பாதி நோய் போய்விடும்" என்பது நோயாளிகளிடம் அடிக்கடி கூறப்படும் ஆறுதல். 1979 இல் இலண்டனில் மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களிடம் நடத்தப்பட்ட ஒரு சிறிய ஆய்வு இக்கருத்துக்கு அறிவியல் ஆதரவு தருவதாகத் தோன்றியது. போராட்ட மனப்பான்மையோ மறுப்போ கொண்டிருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஆனால் 1999 இல் 578 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், போராட்ட மனப்பான்மை வாழ்நாளை நீட்டிப்பதாகக் காணப்படவில்லை. கடும் நம்பிக்கையிழப்புக்கும் மோசமான விளைவுகளுக்கும் ஓரளவு தொடர்பு இருந்தது; இம்மனநிலை சிகிச்சைக்குரியது.

இதுபோன்றே, குழு உளச்சிகிச்சை பெற்றவர்கள் நீண்டகாலம் வாழ்ந்தனர் என்று 1989 இல் டேவிட் சுபீகலும் அவருடைய குழுவினரும் தெரிவித்தனர். 2001 இல் கனடாவிலும், 2007 இல் சுபீகலின் சொந்தக் குழுவினராலும் இவ்வாய்வு மீண்டும் செய்யப்பட்டபோது வாழ்நாள் பொதுவாக நீளவில்லை. எனினும் கனடிய ஆய்வில் மனத்துயரும் வலியுணர்வும் குறைந்தன. அதாவது, இத்தகைய உதவியின் பயன் வாழும் நாட்களின் தரத்தில் உள்ளது.

இம்முடிவுகள் ஏமாற்றம் தருவனபோல் தோன்றினும், நோயாளிக்கு ஒரு சுமையைக் குறைக்கின்றன. அழுவதாலோ அஞ்சுவதாலோ நோய் வளர்வதில்லை. நோய் திரும்பினால் அது மனவுறுதிக் குறைவால் நேர்ந்த தோல்வியும் அன்று. எழுத்தாளர் சூசன் சாண்டாக், தாம் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பின்னர் 1978 இல் வெளியிட்ட நூலில், நோயைப் போராகவும் ஒழுக்கக் குறையின் வெளிப்பாடாகவும் உருவகிப்பது நோயாளிகளுக்குத் தீங்கு விளைவிக்கிறது என்று வாதிட்டார்.

நடைமுறைச் செயல்கள்

அறுதியிடலுக்குப் பிந்தைய வாரங்களில் பின்வருவன உதவியாக இருக்கும்.

உடன் செல்பவர்: மருத்துவரைச் சந்திக்கும்போது ஒருவரை உடன் அழைத்துச் சென்று, கூறப்படுவதை எழுதிவைத்தல். மருத்துவர் இசைந்தால் கைப்பேசியில் பதிவு செய்யலாம்.

கேள்விப் பட்டியல்: நோயின் வகை, நிலை, சிகிச்சையின் நோக்கம், மாற்றுத் தெரிவுகள், பக்க விளைவுகள், செலவு ஆகியவற்றை முன்னரே எழுதிக்கொள்ளல். சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா, துன்பத்தைத் தணிப்பதா என்பது இவற்றுள் முதன்மையான கேள்வி.

இரண்டாவது கருத்து: வேறொரு புற்றுநோய் மருத்துவரின் கருத்தைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதன்று. திசு வில்லைகளையும் அறிக்கைகளையும் கேட்டுப் பெற்று, அங்கு மறு ஆய்வு செய்விக்கலாம்.

காலம்: பெரும்பாலான கட்டிகளில் முடிவெடுக்கச் சில நாட்களோ ஓரிரு வாரங்களோ எடுத்துக்கொள்வதால் தீங்கில்லை. தீவிர இரத்தப் புற்றுநோய், தண்டுவட அழுத்தம் போன்றவை விதிவிலக்குகள். இவற்றுக்கு உடனடிச் சிகிச்சை தேவை. மறுபுறம், மாதக்கணக்கில் தள்ளிப்போடுதல் ஆபத்தானது. 2020 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, அறுவைச் சிகிச்சை ஒவ்வொரு 4 வாரம் தாமதமாகும்போதும் இறப்பு இடர் 6 முதல் 8 விழுக்காடு வரை கூடுகிறது.

மகப்பேறு: பிற்காலத்தில் குழந்தை பெற விரும்புவோர், வேதிச்சிகிச்சை தொடங்கும் முன்னரே விந்து, கருமுட்டை ஆகியவற்றைச் சேமிப்பது பற்றிக் கேட்டறிய வேண்டும்.

மாற்று மருத்துவம்: செய்தி பரவியவுடன் மூலிகை, உணவுக் கட்டுப்பாடு, அற்புத மருந்து எனப் பல அறிவுரைகள் வந்து சேரும். குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்த நோயாளிகளைப் பற்றி 2018 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் தெரிவு செய்தவர்களின் இறப்பு இடர் 2.5 மடங்காக இருந்தது. துணையாக உட்கொள்ளும் பொருட்களும் மருந்துகளுடன் வினைபுரியக்கூடும் என்பதால் அவற்றை மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

செலவு: தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்கள் புற்றுநோய்ச் சிகிச்சை பெறலாம். சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் இந்திய இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. கடன் வாங்கும் முன்னர் மருத்துவமனையின் சமூகப் பணியாளரை அணுகுவது நன்று.

மனநலச் சேவைகளும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும்

புற்றுநோயின் உளவியல் கூறுகளை ஆராயும் துறை உளப்புற்றுநோயியல் எனப்படுகிறது. 1977 இல் நியூயார்க்கின் மெமோரியல் சுலோன் கெட்டரிங் மையத்தில் ஜிம்மி ஹாலண்ட் தொடங்கிய உளநல மருத்துவச் சேவை இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. நோயாளியின் மனத்துயரை அளக்க 0 முதல் 10 வரை குறிக்கப்பட்ட, வெப்பமானி போன்ற எளிய அளவுகோல் பயன்படுகிறது. 4 அல்லது அதற்கு மேல் குறிப்பவர்களிடம் மேலும் விசாரித்தறிவது வழக்கம். துயரம் வாரக்கணக்கில் குறையாமல் உணவு, உறக்கம், சிகிச்சை ஆகியவற்றைப் பாதித்தால் அதற்கு உளச்சிகிச்சையும் மருந்தும் உண்டு.

நோய்த்தணிப்புச் சிகிச்சை இறுதி நாட்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தவறானது. 2010 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் புதிதாக அறுதியிடப்பட்ட 151 பேர் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலையளவு 11.6 மாதங்களாகவும், பிறருடையது 8.9 மாதங்களாகவும் இருந்தது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923 இல் புற்றுநோயால் இறந்தார். அத்துயரின் தாக்கத்தால் அவர் எடுத்த முயற்சியின் விளைவாக, 1954 இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1955 இல் அங்கு பணியில் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021 சனவரியில் மறையும்வரை அந்நிறுவனத்துடனேயே இணைந்திருந்தார். புற்றுநோய் என்றால் மரணம் என்ற அச்சத்தை நீக்குவதைத் தமது பணியின் ஒரு பகுதியாகவே அவர் கொண்டிருந்தார். இம்மருத்துவமனையில் உளப்புற்றுநோயியலுக்கெனத் தனித்துறை இயங்குகிறது.

தமிழக முதலமைச்சராயிருந்த சி. என். அண்ணாதுரை 1969 பெப்ரவரியில் புற்றுநோயால் மறைந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையிலுள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. இலங்கையில் மகரகமையிலுள்ள தேசிய மருத்துவமனையும், வடக்கில் தெல்லிப்பழை மருத்துவமனையும் புற்றுநோய்ச் சிகிச்சை அளிக்கின்றன.

இவற்றையும் பார்க்கவும்

புற்றுநோய்
வேதிச்சிகிச்சை
கதிர் மருத்துவம்
மனச்சோர்வு
அடையாறு புற்றுநோய் மருத்துவமனை
முத்துலட்சுமி ரெட்டி
ஸ்டீவன் ஜே கூல்ட்